இரேஷா, பதினெட்டரை அடி

படகின் உடல் எனது.
இஞ்சின் ரிஸானுடையது.
ஒப்பந்தம் எழுதவில்லை;
காக்கைத்தீவில் ஒரு பிளேன்டீயோடு முடிந்த காரியம்.
ஓட்டை விழுந்தால் என் செலவு,
புகை வந்தால் அவன் செலவு.
உள்ளே தண்ணீர் ஏறினால் மட்டும்
அது யார் பக்கத்துத் தண்ணீர் என்று
அரைமணி நேரம் பேசுவோம்,
பேசியபடியே
பால்மா டின்னால் இறைப்போம்.

முந்திய சொந்தக்காரன் சிலாபத்தான்.
மகளின் பெயரை அணியத்தில் எழுதியிருந்தான்:
இரேஷா.
மூன்று தரம் நீலம் பூசினேன்.
ஒவ்வொரு மழைக்குப் பிறகும்
சிங்கள எழுத்து மெல்ல வெளியே வருகிறது,
முதலில் சுழி, பிறகு வயிறு.
"யார் அவள்?" என்று கொன்செப்டா கேட்டது
முதல் வருடம் பகிடியாக.
இப்போது லீசிங் காசு எண்ணுகையில் கேட்கிறாள்:
"இரேஷாவுக்கு இந்த மாதம் எவ்வளவு?"

கிழமை நாட்களில் நான்
கோட்டையில் லிப்ட் திருத்துகிறவன்.
இருபத்தாறு மாடி.
நடுவில் நின்றுபோனால்
உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்,
நான் ஓடுவேன்.
உச்சியில் மோட்டார் அறை. அதில் ஒரு சின்ன ஜன்னல்.
துறைமுகத்து அலைதடுப்புக்கு அப்பால்
மற்றவர்களின் படகுகள்,
பீங்கானில் ஒட்டிய சோற்றுப் பருக்கைகளாய்.
கிறீஸ் கையோடு எண்ணுவேன்.
பதினேழு.
அதில் ஒன்றும் என்னுடையது இல்லை.

கச்சான் தொடங்குவதற்குச் சற்று முன்
ஒரு ஞாயிறு, விடிய நாலரை.
களனி கங்கையின் வாய் தாண்டியதும்
இஞ்சின் ஒருமுறை இருமி, விட்டது.
ரிஸான் மூடியைத் திறந்து பிளக்கைக் கழற்றி ஊதினான்.
அவனுக்கும் இஞ்சினுக்கும் மட்டும் விளங்கும்
மலாய்க் கெட்டவார்த்தை ஒன்று சொன்னான்.
கயிறு இழுத்தோம். அவன் இருபது, நான் இருபது.
தூரத்தில் கொள்கலக் கப்பல் ஒன்று
ஒரு தெருவே எழும்பி நடப்பதுபோல வந்தது.
கடலில் சிவப்புப் பொத்தான் இல்லை.

கப்பல் எங்களைக் காணாமலே போனது.
அதன் அலை ஏழு தரம் தூக்கிப் போட்டது.
பிறகு சத்தமே இல்லை.
அந்தச் சத்தமின்மைக்குள்
தகரத்தில் பயறு கொட்டுகிற மாதிரி ஏதோ.
திரும்பினால், கும்பளா!
தண்ணீரின் தோல் முழுக்கக் கொதித்தது.
எட்டுக் கொக்கியில் எட்டு.
மறுபடி எட்டு.
ரிஸான் சிரித்தான், சிறுபிள்ளை போல, மூக்கு ஒழுக.
என் கை கிழிந்தது
கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நாற்பத்தொரு கிலோ.
கட்டி இழுத்து வந்த முகத்துவாரத்தான்
பதினைந்து கேட்டான். கொடுத்தோம்.
மிச்சத்தைக் காபரேட்டர் தின்றது.
வீட்டுக்கு வந்தது ஒன்பது மீன்.
அதன்பின் இரண்டு மாதம்
மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதுதான் எங்கள் தொழில்.

விற்போம் என்றேன். ரிஸானும் சரி என்றான்.
நீர்கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்,
இஸ்திரி போட்ட சேட்டு,
வத்தகப்பழம் வாங்குகிறவர் போல
விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார்.
"நல்ல உடம்பு" என்றார்.
என் வாய் சும்மா இருக்கவில்லை.
இடது விலாவில் பழைய வெடிப்பு, காட்டினேன்.
அடியில் ஒட்டுப் போட்ட இடம், குனிந்து காட்டினேன்.
வலது பக்கம் சாயும், காரணம் தெரியாது என்றேன்.
ரிஸான் தன் பங்குக்கு
வெள்ளிக்கிழமைகளில் இஞ்சின் எழும்பாது என்றான்.
அது சுத்தப் பொய்.
வந்தவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.
"யோசித்துச் சொல்கிறேன்."
பஸ் எடுக்க நாங்களே வழி காட்டினோம்,
இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

கொன்செப்டா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள்.
"விற்கத்தானே வந்தீர்கள்?"
ரிஸான் மணலைப் பார்த்தான்.
இரவு மழை பெய்திருந்தது;
அணியத்தில் சுழி தெரிந்தது,
படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.
அவள் செருப்பைக் கழற்றி ஏறி
பால்மா டின்னை எடுத்தாள்.
பாதி இறைத்த பிறகு,
எங்களைப் பார்க்காமல் கேட்டாள்:
"கும்பளா எந்த மாதம் என்றீர்கள்?"